நீனாவின் பாய்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு மலரில் கொலம்பஸ் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்காற்றிலும் ஓடும் முக்கோணப் பாய்தான் அவரை அக்கரை சேர்த்தது என்ற வரிக்கு வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். நடந்தது நேர்மாறு.

1492 ஆகஸ்ட் 3 அன்று ஸ்பெயினின் பாலோஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பும்போது கொலம்பஸின் மூன்று கப்பல்களான நீனா, பிந்தா, சாந்தா மரியாவில், நீனாவுக்கு முக்கோணப் பாய்தான் இருந்தது. வழியில் கேனரித் தீவுகளில், பிந்தாவின் சுக்கானைப் பழுதுபார்க்கத் தங்கினார்கள். அங்கேதான் நீனாவின் முக்கோணப் பாயை இறக்கிச் சதுரப் பாய் கட்ட வைத்தார் கொலம்பஸ். செப்டம்பர் 6இல் கிளம்பியவர்கள் அக்டோபர் 12இல் கரை கண்டார்கள்.

வல்லம் என்கிற எங்கள் பாய்ப் படகில் பாய் பிடித்தவர்களுக்கு இதன் காரணம் சொல்லாமலே விளங்கும். சின்ன வயதில் முக்கோணப் பாய் கட்டிய என் மாமாவின் வல்லத்தில் போயிருக்கிறேன். பாய் தொங்கும் கழியான பருமல் கிட்டத்தட்ட வல்லத்தின் நீளம் இருக்கும். பக்கம் மாற்ற வேண்டுமென்றால் வல்லத்தைக் காற்றோடு திருப்பி, கயிற்றை விட்டு, பாய் படபடவென்று அடிக்க, பருமலின் அடியைப் பாய்மரத்தோடு ஒட்டி நிமிர்த்தி, முன்பக்கமாகச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை நான் கயிற்றைச் சீக்கிரம் விட்டுவிட்டேன். பருமல் சுழன்று மாமாவின் தோளில் அடித்தது. அன்று எனக்குக் கிடைத்த வசவுகளை அச்சில் போட முடியாது.

கேனரிக்குத் தெற்கே, மேற்கு நோக்கிப் போகிறவர்களுக்குக் காற்று வாரக்கணக்கில் பின்னாலிருந்தே அடிக்கும். அந்தக் காற்றில் சதுரப் பாயைக் கட்டிவிட்டால் அது பாட்டுக்கு இழுத்துப்போகும். கடல் புரளும்போது நீளப் பருமலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. காற்றை நெருக்கி ஓட முக்கோணப் பாய் கெட்டிதான், மறுக்கவில்லை. அதற்காகச் சதுரப் பாய்க் கப்பலால் எதிர்காற்றில் ஓடவே முடியாது என்பதும் சரியில்லை. வளைந்து வளைந்து போகும், நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்த 1492 கிறிஸ்துமஸில் சாந்தா மரியா தரைதட்டி உடைந்த பிறகு கொலம்பஸ் ஊர் திரும்பியதும் பாய் மாற்றிய இந்த நீனாவில்தான்.

கட்டுரையோடு வந்த படத்தில் மூன்று கப்பலுக்கும் பெரிய முக்கோணப் பாய் வரைந்திருக்கிறார்கள். அதையாவது திருத்திப் போடுங்கள். என் பேரன் அதை வெட்டிப் பள்ளி நோட்டில் ஒட்டிவிட்டான். தாத்தா சொன்னால் கேட்க மாட்டானாம், பேப்பரில் வந்தால்தான் கிழிப்பானாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திரேஸ்புரம், தூத்துக்குடி.