பாலையா அஞ்சிய அளவுக்கு இன்று யாரும் அஞ்சுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேயையும் சிரிப்பையும் ஒரே படத்தில் கலக்கத் தொடங்கியதால் இரண்டுமே கெட்டுவிட்டன என்று வருந்தும் கட்டுரை ஒன்றை அண்மையில் தங்கள் நாளிதழின் திரைப்பக்கத்தில் படித்தேன். கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரப்பிள்ளைகளின் வற்புறுத்தலால் இரண்டு வாரங்களுக்குள் ஏழெட்டுப் பேய்ப் படங்களைப் பார்த்து முடித்திருந்த நேரம் அது. ஆகவே கட்டுரையாளரின் சலிப்பு எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆயினும் அவர் கூறும் காரணத்தை ஏற்க மனம் வரவில்லை.

அந்த இரண்டு வாரங்களில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்ததும், சிரித்தபடியே என்னை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்ததும் ஒரே ஒரு காட்சிக்குத்தான். அது பேய்ப் படத்தில் வரும் காட்சியன்று. ஸ்ரீதர் இயக்கி 1964இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில், சினிமா எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ் தம் தந்தை பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி அது. அங்கே பேயும் இல்லை, கணினி வரைகலையும் இல்லை. ஒலிகளையெல்லாம் நாகேஷ் வாயாலேயே எழுப்புகிறார். பாலையாவின் கண்களும் உதடுகளும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. இதே ஸ்ரீதர் அதற்கு முந்தைய ஆண்டுதான் 'நெஞ்சம் மறப்பதில்லை' என்ற முற்பிறவிக் கதையை எடுத்திருந்தார். டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்த நான், நம்பியாரின் முதிய தோற்றத்துக்கு அஞ்சிப் பல நாள் இரவில் தனியே கொல்லைப்புறம் போகவில்லை. ஆளை அச்சுறுத்துவது எப்படி என்று அறிந்தவரே அச்சத்தை வைத்துச் சிரிக்கவும் வைத்தார் என்பதை, இப்போது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் எதைப் பார்த்தாலும் எனக்கு இலக்கணம் நினைவுக்கு வந்துவிடும், பொறுத்தருள்க. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பற்றிப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு (பேய் முதலியன), விலங்கு, கள்வர், இறை (அரசன் முதலிய தலைமையோர்) என நான்கைச் சொல்கிறது. நகை பிறக்கும் களங்களும் நான்கே: எள்ளல் (இகழ்ந்து சிரித்தல்), இளமை, பேதைமை (அறியாமை), மடன். இவற்றுள் மடன் என்பதற்குப் பிறர் கொளுத்தக் கொண்டு, கொண்டதை விடாமை, அதாவது பிறர் சொன்னதை அப்படியே ஏற்றுப் பிடித்துக்கொள்ளுதல் என்று உரையாசிரியர்கள் பொருள் கூறுவர். மகன் சொன்ன கதையை அப்படியே நம்பி, நம்பியதை விடமுடியாமல் நடுங்கும் பாலையாவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு மடனுக்குக் கிடைப்பது அரிது. இன்றைய படங்களில் பெரும்பாலானவை அச்சத்துக்கு அணங்கை எடுத்துக்கொண்டு, நகைக்குப் பேதைமையையும் மடனையும் விட்டுவிட்டு எள்ளலை மட்டுமே பற்றிக்கொள்கின்றன. ஒருவருடைய பருமனையும் நிறத்தையும் தலைமுடியையும் கேலி செய்யும் வசனங்களைப் பேய் வரும் வீட்டில் பேசினால் என்ன, பேருந்து நிலையத்தில் பேசினால் என்ன? அந்தச் சிரிப்புக்கும் பேய்க்கும் எந்த உறவும் இல்லை.

உறவு இருந்தால் எப்படி இருக்கும் என்பதைச் 'சந்திரமுகி' (2005) காட்டியது. பேய் இருப்பதாகச் சொல்லிப் பூட்டி வைத்த அரண்மனை அறையைப் பற்றி வடிவேலு உண்மையாகவே அஞ்சுகிறார். அவர் அஞ்சுவதால் நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்த பிறகு அந்த அறையின் மீது நமக்கும் ஓர் ஐயம் தங்கிவிடுகிறது. ஜோதிகாவின் கண்கள் மாறும் கணத்தில் யாரும் குறுக்கே வந்து நகைச்சுவை பேசுவதில்லை. இதன் மூலமான மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' (1993) இன்னும் அடக்கமானது. அதைப் பற்றி ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலையாளத்தில், அந்த அறையின் பேயாக அஞ்சப்படும் நடனமாது தஞ்சாவூரிலிருந்து வந்தவள், தமிழில் பாடுகிறாள். தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்கு பேசினாள். இந்திக்குப் போனபோது வங்காளியாகிவிட்டாள். பேய் என்றால் அது பக்கத்து ஊர்க்காரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் நாடு முழுவதும் ஒற்றுமை நிலவுகிறது போலும்!

'காஞ்சனா' (2011) படத்தைப் பலரும் இரைச்சல் என்று ஒதுக்குவர். இரைச்சல்தான்; மறுக்கவில்லை. ஆனால் வளர்ந்த ஆண்மகன் ஒருவன் இரவில் கழிப்பறைக்குப் போகத் தாயைத் துணைக்கு அழைப்பதும், வீட்டில் பேய் உண்டா என்று கோவை சரளாவும் தேவதர்சினியும் சோதித்துப் பார்ப்பதும் நம் வீடுகளில் நடக்கக்கூடியவை. எங்கள் நெல்லைப் பக்கத்தில் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்குப் போய்வந்த இரவில் திடகாத்திரமான ஆண்கள் எத்தனை பேர் புளியமரத்தடியைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்புவார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தில் சரத்குமார் ஏற்ற திருநங்கைப் பாத்திரத்தின் துயரம் வரும்போது சிரிப்பு ஒதுங்கி நிற்கிறது. அநீதிக்கு உள்ளான ஒருத்தி அணங்காகித் திரும்புவது நமக்குப் பழையனூர் நீலி காலத்துக் கதை. ஆகவே பின்கதை வந்துவிட்டதே என்று அலுத்துக்கொள்வோருடன் நான் சேரமாட்டேன்.

சந்தானம் நடித்த 'டிடி ரிட்டர்ன்ஸ்' (2023) எனக்கு எதிர்பாராத இன்பம் அளித்தது. அந்த மாளிகையின் பேய்கள் ஒரு சூதாட்டம் நடத்துகின்றன. அதற்கு விதிகள் உண்டு. தோற்றவனுக்கு உயிர் இல்லை. விதி தெளிவாக இருப்பதால், அதை மீறப் பார்க்கும் மனிதரின் அசட்டுத்தனம் தானாகவே நகைப்பைத் தருகிறது. இதற்கு மாறாக, 'அரண்மனை 4' (2024) படத்தில் உருமாறி வரும் 'பாக்' என்ற அசாமியப் பேயைக் கண்டெடுத்தது நல்ல முயற்சி. நேரில் நிற்பவர் தமக்குத் தெரிந்தவர்தானா என்று ஒருவரையொருவர் ஐயுறும் நிலையிலிருந்து எத்தனை நகைச்சுவை பிறந்திருக்கலாம்! நகைச்சுவைப் பகுதியோ வேறு தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை முழுவதும் நீக்கினாலும் கதைக்கு ஒரு குறையும் வந்திராது. மலையாள 'ரோமாஞ்சம்' (2023) பெங்களூரில் ஒரே வீட்டில் தங்கியிருக்கும் இளைஞர்களின் வெட்டிப் பொழுதையும், அவர்கள் விளையாட்டாக ஆவியை அழைத்துவிட்டுப் பின் அதையே நம்பிக் குழம்புவதையும் கொண்டு கிட்டத்தட்ட முழுப் படத்தையும் நடத்திவிட்டது. அங்கும் மடன்தான் சிரிப்பை மூட்டுகிறது.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். எட்டு வயதுப் பேரனைத் திரையரங்குக்கு அழைத்துச் சென்றபோது, பயம் வரும் காட்சிகளில் அவன் கண்ணை மூடவில்லை, காதைப் பொத்திக்கொண்டான். திரையில் எது வந்தாலும் அவனுக்கு அச்சமில்லை. அடுத்த இடி எப்போது விழும் என்பதே அவன் கவலை. அருகில் இருந்த பெரியவர் ஒருவரும் அதையே செய்தார். கதவைப் படாரென்று சாத்தினாலும் உடல் குலுங்கத்தான் செய்யும். அதைத் திகில் என்று சொல்ல என்னால் இயலாது. அந்த இடிக்குப் பிறகு உடனே ஒரு கேலி வசனம் வந்தால், காதுகள் தெளிவதற்குள் அது போய்விடுகிறது. நாகேஷ் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் நிறுத்திப் பாலையா நடுங்கி முடிக்க நேரம் கொடுத்தார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

நிறைவாக, தங்கள் திரைப்பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தணிக்கை வாரியம் 2024 முதல் யுஏ சான்றிதழை (பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்பது) வயதுவாரியாக 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்து வழங்குகிறது. சுவரொட்டியில் அந்த எண் பொடி எழுத்தில் இருப்பதால் என் போன்றோர் கண்ணில் படுவதில்லை. 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்ற விளம்பரத்தை நம்பிப் பேரனை அழைத்துச் சென்று, இடைவேளையோடு வீடு திரும்ப நேர்ந்த அனுபவம் எனக்கு உண்டு. விமர்சனத்தின் தலைப்புக்குக் கீழே, நடிகர் பெயர்களோடு அந்த எண்ணையும் பெரிய எழுத்தில் அச்சிட்டால், விடுமுறை நாள்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிமார் பலருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.