தேவதைன்னு போடாதீங்க ப்ளீஸ்: ஃபேன்டஸி மொழிபெயர்க்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபேன்டஸி நாவல்களை தமிழுக்கு கொண்டு வர்ற பதிப்பாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், எடிட்டர்கள், அப்புறம் முக்கியமா கவர் டிசைன் பண்றவங்க எல்லாருக்கும் வணக்கம்.

முதல்ல நன்றி சொல்லிடுறேன். ஆயிரம் பக்க நாவலை தமிழ்ல போட்டா எவன் வாங்குவான்னு எல்லாரும் சொல்லும்போதும் நீங்க இதைப் பண்றீங்க, அது பெரிய விஷயம். இப்ப சண்டைக்கு வர்றேன்: இங்கிலீஷ்ல ஃபேரின்னு (fairy) வர்ற இடத்துல எல்லாம் தேவதைன்னு போடுறீங்களே, அதைப் பத்திதான்.

போன மாசம் தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு மொழிபெயர்ப்போட பிடிஎஃப் அனுப்பி, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி படிச்சுப் பாருங்கன்னார். நாவல் பேரு பதிப்பகம் பேரு எதுவும் சொல்லப்போறதில்ல, அது இப்ப முக்கியமும் இல்ல. அயர்லாந்து மாதிரி ஒரு ஊர்ல நடக்குற பெரிய கதை. நாப்பதாவது பக்கத்துல ஒரு அம்மா விடியக்காலைல எந்திரிச்சு தொட்டிலைப் பாக்குறா, உள்ள கிடக்கிறது அவ பிள்ளை இல்ல. அதே மூக்கு, அதே முடி, ஆனா அவ பெத்தது இல்லன்னு அவளுக்குத் தெரியுது. அந்த இடத்துல படிக்கிறவனுக்கு வயித்துல புளியக் கரைக்கணும். தமிழ்ல என்ன இருந்துச்சு தெரியுமா? "தேவதைகள் என் குழந்தையை எடுத்துச் சென்றுவிட்டன!" நான் சத்தியமா சிரிச்சுட்டேன். ஏதோ பர்த்டே பார்ட்டிக்கு கூட்டிட்டுப் போன மாதிரி இருக்கு.

தேவதைன்னா இன்னிக்கு தமிழ்ல யாரு? ஹீரோயின் இன்ட்ரோல காத்துல முடி பறக்க வர்ற பொண்ணு, ஆண்டு விழாவுல வெள்ளை கவுன் போட்டு அட்டை இறக்கை மாட்டி நிக்கிற யூகேஜி பாப்பா, மகள் பிறந்தா அப்பா வைக்கிற வாட்ஸப் ஸ்டேட்டஸ். ஏங்க, கிராம தேவதை, எல்லைத் தேவதை, துர்தேவதை எல்லாம் நம்ம வார்த்தைதானே, அதுல பயம் இருக்கேன்னு கேப்பீங்க. இருந்துச்சு, ஒத்துக்கிறேன். முன்னாடி ஒரு ஊர் பேரோ துர்-ங்கிற ஒட்டோ இருந்தா இன்னமும் அந்தப் பயம் வரும். தனியா தேவதைன்னு மட்டும் போட்டா சினிமா பாட்டுதான் ஞாபகத்துக்கு வருது, அதுக்கு நானோ நீங்களோ ஒண்ணும் பண்ண முடியாது.

அயர்லாந்து கதைகள்ல இந்த ஃபேரிங்க யாருன்னு பாருங்க. துவாஹா டே டானன்னு ஒரு கூட்டம், மந்திரம் தெரிஞ்சவங்க, அந்த மண்ணை ஆண்டவங்க. பின்னாடி வந்த மனுசக் கூட்டத்துகிட்ட போர்ல தோத்து, மேல இருக்கிற நாடு உங்களுக்கு கீழ இருக்கிறது எங்களுக்குன்னு பிரிச்சுக்கிட்டு மண்மேடுகளுக்கு அடியில போயிட்டாங்கன்னு கதை. அந்த மேட்டுக்குப் பேருதான் ஷீ, அதுவே அந்த ஆளுங்களுக்கும் பேராயிருச்சு. (இங்கிலீஷ் எழுத்தைப் பாத்து 'சிதே'ன்னு எழுதுறவங்க தயவு செஞ்சு நிறுத்துங்க, உச்சரிப்பு ஷீ.) நியூக்ரேஞ்ச்னு ஒரு மேடு இருக்கு, எகிப்து பிரமிடுகளை விடப் பழசு, சுமார் 5200 வருசம், அது கூட அவங்க வீடுன்னுதான் பழைய கதைகள்ல வருது. இது தவிர நாடு முழுக்க வயக்காட்டுக்கு நடுவுல வட்டமா மண்கரை போட்ட பழைய குடியிருப்புகள் 40,000-க்கு மேல கிடக்கு, அதுவும் அவங்க இடம்னு நிறைய விவசாயிங்க தலைமுறை தலைமுறையா அதுல ஏர் ஓட்டாம விட்டு வெச்சாங்க. கோயில்காட்டுல விறகு பொறுக்கக்கூடாதுன்னு சொல்வாங்கல்ல, அதே கதை.

ஆக இவங்க தோத்துப் போன பழைய ராஜவம்சம். உங்க பக்கத்து நிலத்துக்கு அடியில குடியிருக்காங்க, உங்களை பிடிச்சாலும் ஆபத்து பிடிக்கலைன்னாலும் ஆபத்து. இவங்களுக்கு தேவதைன்னு பேரு வெச்சா நாவல் மொத்தமும் பொசுக்குன்னு போயிரும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். அயர்லாந்து, ஸ்காட்லாந்து கிராமங்கள்ல யாரும் இவங்க பேரை நேரா சொல்ல மாட்டாங்க. 'நல்லவங்க'ன்னுதான் சொல்வாங்க. பாசத்துல இல்ல, காதுல விழுந்துருமோங்கிற பயத்துல. இதை எங்க அப்பத்தா கேட்டிருந்தா ஒரு செகண்ட்ல புரிஞ்சிருக்கும். சின்ன வயசுல ஒரு நாள் ராத்திரி கொல்லைல ஏதோ ஊர்றதைப் பாத்து "பாம்பு பாம்பு"ன்னு கத்தினேன். அப்பத்தா வாயைப் பொத்தி, "பூச்சின்னு சொல்றா"ன்னு அதட்டினா. அப்புறம் இருட்டைப் பாத்து கும்பிட்டு, போயிரு சாமி, பச்சப்புள்ள தெரியாம சொல்லிட்டான்னு மெதுவா பேசினா. நாகத்துக்கு நல்ல பாம்புன்னு பேரு வெச்ச ஊர் இது. உயிரை வாங்குற நோய்க்கு அம்மைன்னு பேரு வெச்சு, வந்திருக்கிறது அம்மா, முத்து போட்டிருக்கான்னு மரியாதையா பேசி வேப்பிலை சொருகின சனம். இவ்ளோ ரெடியா ஒரு மொழி கைல இருக்கும்போது தேவதை எதுக்குங்க?

அந்த வாக்கியத்தையே பாருங்க. "நல்லவங்க வந்து எம்புள்ளைய தூக்கிட்டுப் போயிட்டாங்க." இப்ப படிங்க. லேசா குளிருதுல்ல? 'சென்றுவிட்டன'ன்னு அஃறிணைல போட்டீங்களே, அங்கயும் பாதி பயம் போச்சு. 'அவங்க'ன்னு குரலைத் தாழ்த்தி சொல்ற அந்த மரியாதைலதான் விஷயமே இருக்கு.

இது வெறும் கதைதானேன்னு நினைச்சு மேலோட்டமா மொழிபெயர்க்கிறவங்களுக்கு ஒரு நிஜ சம்பவம் சொல்லணும். 1895 மார்ச், அயர்லாந்துல டிப்பரேரி பக்கம் பாலிவாட்லியான்னு ஒரு சின்ன ஊர். பிரிட்ஜெட் கிளியரின்னு ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு, தையல்காரி, சொந்தமா சிங்கர் மெஷின் வெச்சிருந்தவ, கோழி வளத்து முட்டை வித்து கைல காசு வெச்சிருந்தவ. முட்டை கொடுக்கப் போய் திரும்பினதுலருந்து குளிர் காய்ச்சல், தலைவலி. புருசன் மைக்கேல், பீப்பாய் செய்றவன், இது என் பொண்டாட்டியே இல்ல, என் பொண்டாட்டிய மேட்டுக்காரங்க எடுத்துக்கிட்டு இதை வெச்சுட்டுப் போயிட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டான். மூலிகையை பால்ல காய்ச்சி வாயைத் திறந்து ஊத்துனாங்க, சொந்தக்காரங்க ஆளுக்கொரு கை கால் பிடிச்சுக்கிட்டு அடுப்புத் தீ மேல பிடிச்சாங்க, நீ பிரிட்ஜெட்தானான்னு மூணு வாட்டி கேட்டாங்க. மறுநாள் ராத்திரி ரொட்டியும் ஜாமும் மூணு துண்டு கொடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் பேரைச் சொல்லச் சொன்னான். ரெண்டு சாப்பிட்டா. மூணாவதுல தடுமாறினா. தரைல தள்ளி, விளக்கெண்ணெய ஊத்தி எரிச்சுட்டான். (நம்ம ஊரு விளக்கெண்ணெய் இல்ல, விளக்குக்கு ஊத்துற மண்ணெண்ணெய்.) அப்புறம் அவன் பக்கத்துல இருந்த மேட்டுக்குப் போய் ராத்திரி ராத்திரியா காத்துக் கிடந்தான், நிஜ பிரிட்ஜெட் வெள்ளைக் குதிரைல வெளிய வருவா, கறுப்புப் பிடி போட்ட கத்தியால அவளைக் கட்டின கயித்தை அறுத்து மீட்டுரலாம்னு. போலீஸ் வயக்காட்டுல புதைச்சிருந்த உடம்பை எடுத்தாங்க. கொலைன்னு இல்லாம அதுக்கு ஒருபடி கீழ உள்ள குத்தம்னு சொல்லி 20 வருசம் தண்டனை, 15 வருசத்துல வெளிய வந்துட்டான்.

பேய் ஓட்டுறேன்னு சாட்டையால அடிச்சு செத்துப்போன பொண்ணுங்க செய்தி நம்ம பேப்பர்லயும் வரும், அதனால இதை விளக்க எனக்கு அவசியமே இல்ல. ஆனா 'மாத்தி வெச்சுட்டுப் போன பிள்ளை' வர்ற ஒவ்வொரு நாவலுக்குப் பின்னாடியும் இந்த மாதிரி ஒரு அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. மொழிபெயர்க்கிறவங்க அதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு தொடணும்.

சரி அந்த இறக்கையும் மினுமினுப்பும் எங்கருந்து வந்துச்சு? பெரும்பாலும் இங்கிலாந்து டிராயிங் ரூம்லருந்து. மேடை நாடகம், விக்டோரியா காலத்து ஓவியம், பிள்ளைங்க புத்தகம் எல்லாமா சேர்ந்து இவங்களை விரல் சைஸுக்கு சுருக்கி பட்டாம்பூச்சி இறக்கை ஒட்டிருச்சு. 1917-ல யார்க்‌ஷயர்ல காட்டிங்லின்னு ஒரு ஊர்ல எல்சி, ஃபிரான்சஸ்னு ரெண்டு பொண்ணுங்க ஓடைக்கரைல இந்த இறக்கை வெச்ச குட்டி ஆளுங்களோட போட்டோ எடுத்தாங்க, ஷெர்லாக் ஹோம்ஸை எழுதின கோனன் டாயிலே நம்பி 1920-ல பத்திரிகைல எழுதினார். 1983-லதான் வயசான காலத்துல ஒத்துக்கிட்டாங்க, புக்கைப் பாத்து வரைஞ்சு வெட்டி தொப்பி ஊசியால குத்தி நிக்க வெச்சதுன்னு. நீங்க கவர்ல போடுறது இன்னமும் அந்த அட்டைப் படம்தான்.

நல்ல நாவலாசிரியர்கள் அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுட்டு பழைய பயத்துக்குத்தான் திரும்பிப் போனாங்க. டன்சனி பிரபு 1924-லயே எழுதின நாவல்ல, எங்களுக்கு மந்திரம் தெரிஞ்ச ராஜா வேணும்னு ஊர்ப் பெரியவங்க போய்க் கேட்டு வாங்கி, கடைசில மந்திரம் அளவுக்கு மீறி வந்து சேந்து ஐயோ போதும்னு நிப்பாங்க. சுசானா கிளார்க் 2004-ல எழுதின 'ஜொனாதன் ஸ்டிரேஞ்ச் அண்டு மிஸ்டர் நாரல்'ல ஒரு பேரம் வரும், மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாரும் அதை சுவத்துல ஒட்டி வெச்சுக்கணும். செத்துப்போன ஒரு பொண்ணை எழுப்பித் தர அந்த மேட்டுலகத்து ஜென்டில்மேன் கேக்குற கூலி, அவ லைஃப்ல பாதி. மந்திரவாதி என்ன நினைக்கிறார்னா, சரி, ரொம்ப வருசம் வாழ வேண்டியவ சீக்கிரமே போயிருவா, பரவால்ல. ஆனா அவன் எடுக்கிறது ஒவ்வொரு நாள்லயும் பாதி. பகல்ல புருசன் வீடு, ராத்திரி பூரா அவனோட மாளிகைல ஓயாத டான்ஸ். வெளிய சொல்லலாம்னு வாயைத் திறந்தா சம்பந்தமே இல்லாத வேற ஏதோ கதைதான் வருது.

இதைத் தமிழ்ல எப்படிப் போடுவீங்க? "ஆயுளில் பாதி"ன்னு போட்டா காலி. ஆயுசுன்னா நமக்கு நீளம், எத்தனை வருசங்கிற கணக்கு, நாளைப் பிளந்து பாதி எடுக்கலாம்னு அந்த வார்த்தைல இடமே இல்ல, அப்ப ஜென்டில்மேன் ஏமாத்தல, மொழிபெயர்ப்பாளர்தான் ஏமாத்துனார்னு ஆயிரும். "அவ வாழ்க்கைல பாதி"ன்னு போட்டா ரெண்டு அர்த்தமும் உயிரோட இருக்கும். இந்த ஆளுங்க கதைகள்ல பொய் சொல்லாம வார்த்தையோட சந்துக்குள்ள புகுந்துதான் கழுத்தை அறுப்பாங்க, அதனால வாக்கு, பேரம், சாபம் வர்ற வரியெல்லாம் பத்திரம் எழுதுற மாதிரி பாத்துப் பாத்து எழுதணும்.

இன்னொண்ணு, 'cold iron'-ஐ அப்படியே 'குளிர்ந்த இரும்பு'ன்னு போடுறது. அந்த பிடிஎஃப்ல பதினேழு இடத்துல இருந்துச்சு. ஃப்ரிட்ஜ்ல வெச்ச இரும்பு இல்லீங்க, வெறும் இரும்புதான், அவங்களுக்கு ஆகாதது. கறிக்குழம்பு தூக்குவாளில கரித்துண்டும் ஆணியும் போட்டு அனுப்புற ஊர்ல, பிள்ளை பெத்தவ தலமாட்டுல அருவா வைக்கிற ஊர்ல இதுக்கு ஒரு அடிக்குறிப்பு வேற போட்டிருந்தாங்க, அரைப் பக்கத்துக்கு.

செந்தமிழ்லதான் வேணும்னா அதுக்கும் வழி இருக்கு. திருமுருகாற்றுப்படைல 'சூரர மகளிர் ஆடும் சோலை'ன்னு வருது, மலைச் சோலைல கூடி ஆடுற, பாத்தா நடுங்க வைக்கிற பொண்ணுங்க. ராணி, அரசவை வர்ற காப்பிய நடை நாவலுக்கு சூரர மகளிர், அணங்கு ரெண்டும் நல்லா உக்காரும். கிராமத்து ஆளு பேசுற இடத்துல நல்லவங்க, மேட்டுக்காரங்க, அவங்க. ஒரே நாவல்ல ரெண்டும் வரலாம், தப்பில்ல.

இதெல்லாம் செத்துப்போன நம்பிக்கை, யாருக்குப் புரியப்போகுதுன்னும் நினைக்காதீங்க. 1999-ல அயர்லாந்துல கிளேர் பக்கம் லட்டூன்ங்கிற இடத்துல ரோடு போட ஒரு முள்மரத்தை வெட்டப் பாத்தாங்க, எடி லெனிஹன்ங்கிற கதைசொல்லி, அது மன்ஸ்டர் மாகாணத்து நல்லவங்க சண்டைக்குப் போகும்போது கூடுற இடம், கை வெக்காதீங்கன்னு பத்திரிகைக்கு லெட்டர் எழுதி மல்லுக்கு நின்னார். ரோடு வந்துச்சு, மரத்தையும் விட்டு வெச்சாங்க. நம்ம பைபாஸ் ரோட்டுல நடுவுல ஒரு முனீஸ்வரன் நிப்பாரே, அதைப் பாத்தவங்களுக்கு இது புரியாமலா போகும்.

நான் திருத்தி அனுப்பின பிடிஎஃப் எடிட்டர்கிட்ட இருக்கு, தேவதை வர்ற இடமெல்லாம் மஞ்சள் அடிச்சிருக்கேன். நேரமில்ல, பாதிதான் மாத்த முடியும்னா நாப்பதாவது பக்கத்தை மட்டுமாவது மாத்திடுங்க. கவர்ல அந்த மினுமினு பொண்ணு வேணாம். ஒரு மண்மேடு, மேல ஒரு முள்மரம், சாயங்கால வெளிச்சம், ஆள் யாருமே வேணாம்.

இப்படிக்கு,
உங்க புக்கை எல்லாம் காசு கொடுத்து வாங்குற ஒரு வாசகன்