தஞ்சாவூர்ப் படத்தை விற்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் ஓவியக் கூடங்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அது சென்னையிலேயே இருப்பவருக்கு எழுதியது. காரைக்குடியிலிருந்தோ தேவகோட்டையிலிருந்தோ கல்யாணத்துக்குப் போய், கையில் ஒரு பகல் மிச்சமிருப்பவருக்கு வேண்டிய விவரம் அதில் இல்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் இவற்றைப் பார்த்தாக வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. இங்கே பட்டாலை என்கிற வீட்டுக் கூடத்தின் சுவரில் தொங்குவதும் அங்கே காட்சிக்கு வைத்திருப்பதும் பல சமயம் ஒரே வகைச் சரக்கு. வீடு பங்கு பிரியும்போது முதலில் வெளியேறுவது படங்கள்தான், அவை என்ன படம் என்று யாரும் பார்க்காமலேயே.

முதலில் கிழமையைப் பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். தனியார் கூடங்கள் பலவும் ஞாயிறு திறப்பதில்லை. வெள்ளி முகூர்த்தத்தை முடித்துக்கொண்டு அன்று பிற்பகலே எழும்பூர் வாசலில் போய் நின்றால் பூட்டுதான் தெரியும். பல்லவன் ரயில் மதியத்தை ஒட்டித்தான் கொண்டுபோய் விடுகிறது, அன்று பாதிப் பகல்கூடத் தேறாது. ராத்திரி வண்டியில் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, 9.30-க்குக் கதவு திறக்கும்போதே உள்ளே நுழைவது மேல். எழும்பூர் நிலையத்திலிருந்து அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலை நடக்கிற தூரம்தான். மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள்.

1851-இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகம் பல கட்டடங்களாகப் பரந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பதுதான் பெரிய தவறு. பிள்ளைகள் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு இழுப்பார்கள். அதில் நேரத்தைக் கொடுத்துவிட்டால் வெண்கலக் கூடத்துக்குப் போகும்போது கால் ஓய்ந்திருக்கும், கண்ணும் ஓய்ந்திருக்கும். எனவே வெண்கலம் முதலில். எந்தக் கட்டடம் பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்று சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இங்கேதான் இருக்கிறார்கள். கோயிலில் உற்சவர் பட்டுக்கும் மாலைக்கும் உள்ளே மறைந்திருப்பார், முகமும் கையும்தான் நமக்குத் தெரியும். இங்கே முழு உடலையும் பார்க்கலாம். முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு நகராமல் பக்கவாட்டுக்கும், முடிந்தால் பின்பக்கத்துக்கும் போங்கள். பின்தலையில் சிரச்சக்கரம் என்கிற வட்ட அணி, தோளில் விழும் முடிக் கற்றை, இடுப்பு ஆடையின் முடிச்சு எல்லாம் முன்பக்கத்துக்குக் குறையாத வேலை. பீடத்தில் வளையமோ துளையோ இருந்தால் அது வீதியுலாவின்போது கட்டவும் கழி செருகவும் வைத்தது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள். பிறகு மண் கூட்டை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு வார்ப்பில் ஒரு சிலைதான். தொடாதே என்று எழுதி வைத்திருப்பது அதிகாரத்துக்காக அல்ல. வியர்வையின் உப்பு வெண்கலத்தை அரித்துப் பச்சைப் புள்ளி கிளப்பிவிடும். வீட்டுச் சாமி அறையில் பழைய விக்கிரகம் இருந்தால் புளியும் சாம்பலும் போட்டு மினுக்க வேண்டாம். மூக்கும் கண்ணும்தான் முதலில் தேயும்.

அடுத்து தஞ்சாவூர்ப் படங்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, நகை வரும் இடங்களில் மக்கு என்கிற கெட்டிக் கலவையை வைத்து மேடாக்கி, அதன் மேல் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டுவது முறை. அசல் தங்கம் எத்தனை வருடம் ஆனாலும் கறுக்காது. கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் அது போலி ரேக்கு. பசை தண்ணீரில் கரைகிற பொருள் என்பதால், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஈரத்துணியால் துடைத்த படம் மெல்ல உப்பிப் பிறகு பொரிப்பொரியாக உதிரும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் சட்டத்தையும் வெளிக் கண்ணாடியையும் தட்டினால் போதும். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டக் கூடாது. சட்டத்தின் கீழ் மூலை இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றோடும், கரையானும் சட்டென்று ஏறாது.

கண்ணாடிப் படம் வேறு. அதில் கண்ணாடியின் பின்பக்கமே ஓவியம். கருவிழியும் நகைக் கோடும் முதலில், உடல் நிறம் அடுத்து, பின்னணி கடைசியில் என்று தலைகீழ் வரிசையில் தீட்டியிருப்பார்கள். பலகையைக் கழற்றி உள்ளே துடைத்தால் சாமியே துணியோடு வந்துவிடும்.

வீட்டுக்கு வீடு 'ரவிவர்மா படம்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அச்சு. 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் பிறகு லோனாவ்லா அருகே மளவ்லிக்கு மாறி, ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. நிறத்துக்கு ஒரு அச்சுக் கல் என்று வைத்து அச்சடித்தவை இவை. எழும்பூரில் அவருடைய அசல் எண்ணெய் ஓவியத்தைப் பார்த்து, சாயத்தின் கனமும் தூரிகை போன போக்கும் மனதில் ஏறிய பிறகு வீட்டுப் படத்தின் மேல் பத்து மடங்கு லென்ஸை வையுங்கள். அச்சில் பொடிப் புள்ளிகள் தெரியும். வார்னிஷ் பூசி, கித்தான் போலச் சொரசொரப்பு ஏற்றிய அச்சும் உண்டு, அதனால் கையால் தடவிப் பார்ப்பது நம்பத்தக்கதல்ல. அச்சகத்தின் பெயர் கீழ் ஓரத்தில் சட்டத்துக்குள் மறைந்திருக்கும். அச்சுதானே என்று எறிந்துவிடாதீர்கள். ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி அலங்கரித்தவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஜரிகையைப் பிய்த்துச் 'சுத்தம்' செய்வதைப்போல ஒரு கொடுமை இல்லை.

இன்னொரு நாள் கிடைத்தால், செவ்வாய் தவிர்த்து, கிழக்குக் கடற்கரைச் சாலை. ஈஞ்சம்பாக்கத்தில் முதலில் சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் 1966-இல் தொடங்கிய கிராமம், பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருள்களை விற்ற பணம்தான் மூலதனம். பணிக்கரின் பிற்கால ஓவியங்களில் ஜாதகக் கட்டம் போன்ற கோடுகளும் எழுத்து போன்ற கீறல்களும் வரும். அவற்றை எழுத்துக் கூட்டிப் படிக்க முயல வேண்டாம், அவை வாசிக்கப் போட்டவை அல்ல. அங்கிருந்து தெற்கே முட்டுக்காடு தட்சிணசித்ராவில், செட்டிநாட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் மறுபடி எழுப்பிய வீடு ஒன்று நிற்கிறது. நம் ஊர் வீட்டைச் சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று சங்கடப்படுவதைவிட, ஒவ்வொரு தூணும் கதவும் எங்கே பொருந்தியிருக்கிறது என்று பார்ப்பது உபயோகம்.

தனியார் கூடங்களுக்கும் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமிக்கும் போகத் தயங்க வேண்டாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மேசையில் விலைப்பட்டியல் இருக்கும், கேட்டால் தருவார்கள். படத்தருகே சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுப்போனது. அச்சோவியத்தின் கீழே பென்சிலில் 3/25 என்றிருந்தால் இருபத்தைந்து பிரதிகளில் மூன்றாவது.

விற்கவே முடிவு செய்தவர்களுக்கு ஒன்று. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த ஓவியமும் சிலையும் தொல்பொருள். தனி ஆள் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சிங்கப்பூர்ப் பேரனுக்கு அன்பளிப்பு என்றாலும் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், வாசலில் வந்து விலை கேட்பவரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். சாமான் கைமாறும் முன் ஒவ்வொரு படத்தையும் முன்பக்கம், பின்பக்கம், மூலைகள் என்று போட்டோ எடுத்து, நீள அகலத்தைக் குறித்துப் பங்காளிகள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.