பழைய ஃபர்னஸும் புகைபோக்கி வழியே போகும் வெப்பமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர்கால எரிவாயுச் செலவைக் குறைப்பது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, யன்னல் இடுக்குகளை அடைப்பதையும் இரவில் வெப்பநிலையைத் தாழ்த்துவதையும் நன்றாக விளக்கியிருந்தது. ஆனால் புகைபோக்கியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ரொறன்ரோவின் ஸ்காபுறோப் பகுதியிலுள்ள பழைய வீடுகளில், விசிறியின்றிச் சூடான புகை தானாக மேலெழும் இயற்கை இழுவையால் இயங்கும் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலை) இன்னும் இருக்குமானால், வெப்பம் வீணாகும் பெரிய வழிகளுள் புகைபோக்கியும் ஒன்று.

அத்தகைய ஃபர்னஸ், தான் எரிக்கும் வாயுவின் வெப்பத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 வீதத்தையே வீட்டுக்குத் தருகிறது. மீதியில் பெரும்பகுதி எரியும்போதே சூடான புகையோடு போய்விடுகிறது. ஃபர்னஸின் சுடர் அணைந்த பின்னும் இழப்பு நிற்பதில்லை; டிராஃப்ட் ஹூட் எனப்படும் திறந்த வாய் வழியாக, நாம் காசு கொடுத்துச் சூடாக்கிய வீட்டுக் காற்றைப் புகைபோக்கி இரவு பகலாக மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறது.

இதைத் தடுக்க எண்ணிச் சிலர் புகைக்குழாயைத் தகட்டால் ஒடுக்குவதும், ஃபர்னஸ் அறையின் காற்றுத் துளைகளை அடைப்பதும், புகைக்குழாயில் வெப்பத்தை மீட்கும் கருவி என்று விற்கப்படுவதை வாங்கிப் பொருத்துவதும் எனக்கு மிகுந்த கவலை தருகின்றன. புகை அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் அதன் இழுவை தளர்கிறது. அதிலுள்ள நீராவி அமிலம் கலந்த நீராகிக் குழாயையும் செங்கல்லையும் அரிக்கிறது. நமது சமையலறைகளில் பூட்டும் வலுவான புகை உறிஞ்சியும் துணி உலர்த்தியும் வீட்டுக் காற்றை வெளியே தள்ளியபடி ஒன்றாக ஓடும் வேளையில், தளர்ந்த இழுவை திசைமாறி, காபன் மொனொக்சைட் என்னும் மணமற்ற நச்சு வாயு வீட்டுக்குள்ளேயே இறங்கக்கூடும். அப்போது முதலில் பாதிக்கப்படுபவர், ஃபர்னஸ் அறைக்குப் பக்கத்தில் உறங்கும் நிலக்கீழ்த் தள வாடகைக் குடும்பத்தினரே. 2008இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் புகைவழி அடைபட்டு ஒரே குடும்பத்தின் நால்வர் உயிரிழந்ததையும், அந்தத் துயரின் பின்னர் 2013இல் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி பற்றிய சட்டம் நிறைவேறியதையும் நாம் மறக்கலாகாது.

முறையான வழி இருக்கிறது. தானியங்கி வெண்ட் டாம்பர் என்னும் மூடி, ஃபர்னஸின் சுடர் அணைந்ததும் குழாயை அடைத்து, முழுமையாகத் திறந்ததை உறுதிசெய்த பிறகே மீண்டும் வாயுவை விடும். அதைத் தண்ணீர் சூடாக்கியும் பகிரும் பொதுப் புகைபோக்கியில் அல்லாமல் ஃபர்னஸின் சொந்தக் குழாயிலேயே பொருத்த வேண்டும். அந்த ஃபர்னஸுக்கு அது ஏற்றதா என்பதையும் ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ.யின் உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரே தீர்மானிக்க வேண்டும். ஆயினும் அது அணைந்திருக்கும் நேரத்து இழப்பை மட்டுமே குறைக்கும். எரியும்போது போகும் வெப்பத்தை மீட்பது, புகையிலுள்ள நீராவியையும் நீராக்கி அதன் வெப்பத்தைப் பிடிக்கும் கண்டென்சிங் ஃபர்னஸ்தான். கனடாவில் 2019 ஜூலை முதல் வீட்டுக்கான புதிய எரிவாயு ஃபர்னஸ்கள் குறைந்தது 95 வீதத் திறன் கொண்டிருக்க வேண்டும் என்பதால், என் கணிப்பில், மிகப் பழைய ஃபர்னஸுக்கு மேலும் செலவழிப்பதை விட அதை மாற்றுவதே நல்லது. (அழைக்காமலே வீடு வீடாக வந்து ஃபர்னஸ் ஒப்பந்தம் எழுதுவதை ஒன்ராறியோ 2018 மார்ச்சிலிருந்து தடைசெய்துள்ளது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லிவையுங்கள்.)

மாற்றும்போது பலர் தவறவிடும் ஒன்றுண்டு. புதிய ஃபர்னஸின் புகை பிளாஸ்டிக் குழாய் வழியே பெரும்பாலும் பக்கச் சுவரால் வெளியேறும். பழைய புகைபோக்கியில் தண்ணீர் சூடாக்கி மட்டும் தனித்துவிடும். அதன் சிறிதளவு புகைக்கு அந்தப் புகைபோக்கி மிகப் பெரிதாகையால், இழுவை குன்றி ஈரம் படியும். ஆகவே உள்ளே தகுந்த அளவு உலோகக் குழாய் இறக்க வேண்டுமா என்று கேட்டு, அந்தச் செலவையும் விலைமதிப்பில் எழுதி வாங்கிய பின்னரே வீட்டுக்காரர் கையெழுத்திட வேண்டும். வாடகைக்கு இருப்போரும் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

இங்ஙனம்,
ஸ்காபுறோ வாசகர் ஒருவர்