இடம் பார்ப்பது பற்றி

குலசேகரம்,
சித்திரை 28.

அன்புள்ள மக்களே,

உன் அம்மையின் போனுக்கு நீ அனுப்பியிருந்த செய்தியை அவள் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். ஜூன் கடைசியில் ஏரிப் பகுதிக்குப் போய் மூன்று இரவு கூடாரம் அடித்துத் தங்கப் போகிறேன், நல்ல இடம் எப்படிப் பார்ப்பது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். ஏழு ஞாயிற்றுக்கிழமையாக உன் அழைப்பு வராத வீட்டுக்கு அந்த இரண்டு வரியே பெரிய காரியம். 31 ஆண்டுகள் அணையிலும் சானலிலும் ஓவர்சியராக நடந்து தேய்ந்தவனிடம், தண்ணீர்க்கரையில் எங்கே படுக்கலாம் என்று மகள் கேட்பது எனக்குப் பெருமைதான். என்னிடமே நேராகக் கேட்டிருக்கலாம். என் போனிலும் மணி அடிக்கத்தான் செய்கிறது. அது போகட்டும்.

"போகிறேன்" என்றுதான் எழுதியிருக்கிறாள், "போகிறோம்" என்று எழுதவில்லையே என்று உன் அம்மை கேட்டாள். அவசரத்தில் தட்டியிருப்பாள் என்று நான் சொன்னேன்.

மேலத்தெரு அண்ணன் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நீ சொன்ன பவுண்டரி வாட்டர்ஸ் பகுதியின் வரைபடத்தை நான்கு நாட்கள் பார்த்தேன். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் கனடா எல்லையை ஒட்டி 10 லட்சம் ஏக்கருக்கு மேல் காடும், அதற்குள் 1,000-க்கு மேல் ஏரிகளும் இருக்கின்றன. ஓர் ஏரி முடிந்ததும் படகைத் தலைமேல் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டுமாம். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை, எந்த நாளில் எந்த வாசல் வழியாக நுழைகிறாய் என்பதற்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தச் சீட்டு உள்ளே நுழைவதற்கு மட்டுமே உரியது. தங்குவதற்கென்று குறித்து, இரும்பு அடுப்புத் தட்டி பதித்து வைத்த இடங்கள் அந்தக் காடு முழுவதும் ஏறத்தாழ 2,000 இருக்கின்றன. அவற்றுக்கு முன்பதிவு கிடையாது, முதலில் போய்ச் சேர்ந்தவருக்குத்தான் இடம். ஆகவே பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குள் இறங்கிவிடு. ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதை நம்பி, இன்னும் ஓர் ஏரி, இன்னும் ஓர் ஏரி என்று துழாவிக்கொண்டே போகாதே. களைத்துப் போனவர்களுக்கு எந்த இடமும் நல்ல இடமாகத் தெரியும்.

கரையில் கால் வைத்ததும் தரையைப் பார்க்காமல், முதலில் தலைக்கு மேலே பார். பட்ட மரமோ, சாய்ந்த மரமோ, ஒடிந்து தொங்கும் கொப்போ கூடாரத்தின் மேல் விழும் தூரத்தில் இருந்தால், இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் படகைத் திருப்பு. அந்த நாட்டில் கெட்டிப் பாறைக்கு மேல் மண் மிகக் குறைவு. ஒரு காலத்தில் நிலத்தை மூடிக் கிடந்த பனிப்பாறைகள் மண்ணை வழித்துக்கொண்டு போய், குடைந்த பள்ளங்களையே ஏரிகளாக விட்டுச் சென்றிருக்கின்றன. ஆகையால் மரங்களின் வேர் கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் படர்ந்து நிற்கிறது. 1999 ஜூலை 4 அன்று அடித்த சூறைக்காற்றில் அங்கே லட்சக்கணக்கான ஏக்கரில் மரங்கள் சாய்ந்தன. கூடாரம் போட்டிருந்தவர்களில் பலர் மரம் விழுந்து காயப்பட்டார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்து ஓய்ந்தபின், நம் விளையில் பால் வெட்டிக்கொண்டிருந்த ரப்பர் மரங்கள் எப்படிக் கிடந்தன என்பதை என்னோடு நின்று பார்த்தவள் நீ. உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன், தலைக்கு மேலே பார்.

காற்றைப் பற்றிச் சொல்வதில்தான் எனக்குச் சங்கடம். ஜூன் மாதம் அங்கே கொசுவுக்கும் கடிக்கும் ஈக்கும் கொண்டாட்டமான மாதம் என்பதால், தீவிலோ ஏரிக்குள் நீண்டிருக்கும் பாறை முனையிலோ காற்றோட்டமான இடத்தைப் பிடிப்பது நல்லது. சதுப்பை ஒட்டிய குடாவுக்குள் போய் மாட்டிக்கொண்டால் மூன்று இரவும் தூக்கம் இருக்காது. ஆனால் இடிமழை வரும்போது அதே பாறை முனைதான் முதலில் அடி வாங்கும். எனவே முனையில் சமைத்துக்கொள், உட்கார்ந்துகொள், அந்தி சாய்வதைப் பார். படுப்பதை மட்டும் உள்ளே தள்ளி, ஏறக்குறைய ஒரே உயரத்தில் நெருங்கி நிற்கும் நல்ல மரங்களின் மறைவில் வைத்துக்கொள். தனித்து உயர்ந்த மரத்தடி மின்னலுக்கு உரிய இடம். இரண்டு தீவுகளுக்கு இடைப்பட்ட இடுக்கில் காற்று எப்படி வேகம் பிடிக்கும் என்பதை, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அடம்பிடித்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஏரியானால் காலையிலேயே கடந்துவிடு. கோதையாற்றில் நீந்திப் பழகிய தைரியம் அங்கே செல்லாது. குளிர்காலம் முழுவதும் உறைந்து கிடந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால், நீச்சல் தெரிந்தவர்களுக்கே மூச்சு அடைத்துக் கைகால் மரத்துப் போகும். லைஃப் ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்.

பள்ளத்தில் கூடாரம் வேண்டாம். இரவில் குளிர்ந்த காற்றும், மழை பெய்தால் தண்ணீரும் அங்கேதான் வந்து தேங்கும். அடிப்பதற்கு முன் வெறுந்தரையில் ஒரு முறை படுத்துப் பார்த்தால், சரிவு எந்தப் பக்கம், வேர் எங்கே குத்துகிறது என்பது தெரிந்துவிடும். பாறையில் முளை இறங்காது என்பதால் கயிறு கூடுதலாக எடுத்துப் போய்க் கல்லில் கட்டு.

அலுமினியப் படகு 30 கிலோவுக்கு மேல் இருக்கும் என்று படித்தேன். முன்னால் ஒருவர் துடுப்புப் போட வேண்டும், பின்னால் ஒருவர் திசை பிடிக்க வேண்டும். காட்டுப் பாதையில் ஒருவர் படகைச் சுமந்தால் மற்றவர் மூட்டையைச் சுமக்க வேண்டும். ஆகையால் கூட யார் வருகிறார்கள் என்பதை எழுது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்ததா? கிடைக்கவில்லையென்றால் உன்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகள் யாராவது வருகிறார்களா? ஒரு சீட்டில் ஒன்பது பேர் வரை போகலாம் என்று விதி இருக்கிறது. சும்மா, படகின் பாரத்துக்காகத்தான் கேட்கிறேன்.

தண்ணீர் மட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துதான் எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த ஏரிகள் பெரும்பாலும் இயற்கையானவை, நம் அணையைப் போல ஓர் இரவில் ஏறிவிடாது. பேச்சிப்பாறை 1906-இல் கட்டி முடித்தது, நிறைந்தால் 48 அடி. ஐப்பசியில் மேலே மலையில் மழை பிடித்துவிட்டால், சரிவு குறைந்த கரையில் மட்டம் ஓர் அடி ஏறினாலே தண்ணீர் இருபது முப்பது அடி உள்ளே வந்துவிடும். நாள்தோறும் அளவு எழுதிய எனக்கு இது தெரியாதா? தெரிந்தும், உன் எட்டாம் வயதில், திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த உன் மாமாவிடம் என் பெருமையைக் காட்டுவதற்காக, தண்ணீரை ஒட்டிய புல்வெளியில் எல்லாரையும் படுக்க வைத்தேன். நடுச்சாமத்தில் நான் தண்ணீர் வாடை பிடித்து எழுந்து உங்களை மேட்டுக்கு ஓட்டினேன் என்ற கதையை நீ நூறு முறை கேட்டிருப்பாய். உன் கல்யாணப் பந்தலில்கூட அதைச் சொன்னேன்.

அது பொய், மக்களே. அன்று மாலையே உன் அம்மை, நாங்கள் விரித்த ஜமக்காளத்துக்கு மேலே, சரிவில் சுள்ளியும் சருகும் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடந்ததைக் காட்டி, தண்ணீர் அங்கே வரை வந்துபோயிருக்கிறதே என்று கேட்டாள். எனக்குத் தெரியாத அணையா என்று உன் மாமாவுக்கு முன்னால் வைத்து நான் சிரித்தேன். இரவில் அவள் என்னை எழுப்பினாள். பேசாமல் படு என்றேன். அவள்தான் உன்னைத் தோளில் போட்டு, அண்ணனைக் கையில் பிடித்து, மாமா வீட்டாரையும் எழுப்பி மேலே கூட்டிப்போனாள். என் காலில் தண்ணீர் தொட்ட பிறகுதான் நான் எழுந்து ஓடினேன். இருட்டில் யார் யாரை எழுப்பினார் என்று சரியாகத் தெரியாமல் காலையில் உன் மாமா என்னைப் புகழ்ந்தார், நான் மறுக்கவில்லை. இத்தனை வருடமாக அந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் உன் அம்மை பக்கத்தில் நின்று சாயா ஆற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஒக்கிக்கு மறு வருடம் உனக்கு அந்த இடம் வந்தபோதும் நான் அப்படித்தான் பார்த்தேன். வீடு, விளை, படிப்பு, அமெரிக்க வேலை என்று பகல் வெளிச்சத்தில் தெரிந்ததையெல்லாம் பார்த்தேன். பெண் பார்த்துவிட்டு அவர்கள் போன மாலையில் நீ கிணற்றடியில் நின்று, கொஞ்சம் யோசிப்போமே அப்பா என்று கேட்டாய். எனக்குத் தெரியாத இடமா என்று உன்னிடமும் சொன்னேன். உன் அம்மை அன்று ஏதோ சொல்ல வந்தாள். அது என்ன என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

நீ கேட்டது ஏரிக்கரை இடம், அதை எழுதி முடிக்கிறேன். இறங்கிய இடம் சரியில்லை என்று மனதில் பட்டால், கூடாரம் அடித்தாகிவிட்டதே என்று பார்க்காமல் பிரித்துவிடு. கூட வந்தவர் என்ன நினைப்பார், ஊரில் அப்பா என்ன சொல்வார் என்று கிடந்து விடியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டாம். கருங்கரடி நடமாடும் காடு என்பதால் தின்பண்டம் எதையும் கூடாரத்துக்குள் வைக்காதே; கரடி திறக்க முடியாத டப்பாவில் போட்டுத் தள்ளி வை. நெத்திலிக் கருவாட்டை மறந்துவிடு. கண்ணாடிப் பாட்டிலுக்கும் டின்னுக்கும் அங்கே தடை இருப்பதால், நாரத்தங்காய் ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கரையிலிருந்து 200 அடி தள்ளிக் கொட்டு. ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே. தலைக்கு மேலே பார்.

முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்து வைத்திருக்கிறாள் உன் அம்மை, அடுத்த வாரம் கூரியரில் அனுப்புவதற்கு. ஒருவருக்குப் போடுவதா இரண்டு பேருக்குப் போடுவதா என்று கேட்கிறாள். எழுது, அல்லது ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. போனை நான் எடுத்தாலும் உடனே அம்மையிடம் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா