முட்டைக்குள் இருக்கும் சோளம்

அயனாவரம், சென்னை-23

அன்புள்ள சேகர்,

ஜாம்பியாவிலிருந்து நீ போட்ட கடிதம் போகிக்கு முதல் நாள் வந்தது. அதில் நீ எழுதியிருந்த ன்ஷிமா, அதாவது உங்கள் ஊர் மக்காச்சோளக் களி, அதன் செய்முறையைப் படித்ததும் அன்றைக்கே அடுப்படியில் இறங்கிவிட்டேன். மளிகைக் கடையில் சோள மாவு கேட்டால் பையன் கார்ன்ஃபிளவரைக் கட்டிக் கொடுத்துவிட்டான். வெந்நீரில் போட்டுக் கிளறினால் கண்ணாடி மாதிரி ஒரு பசை. "வீணாக்காதீங்க, போஸ்டர் ஒட்டலாம்" என்றாள் கமலா. அப்புறம் சௌகார்பேட்டை போய், வடக்கத்திக்காரர்கள் ரொட்டிக்கு வாங்குகிற மக்காச்சோள மாவு வாங்கி வந்தேன். மஞ்சள் மாவுதான். உங்கள் ஊரில் வெள்ளை மக்காச்சோளம்தான் மனிதருக்கு, மஞ்சளைக் கண்டால் தீவனம் என்று முகம் சுளிப்பார்கள் என்று நீ முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. களி போலவே பிட்டு உருட்டி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் தொட்டுத் தின்றோம். நீ சொல்கிற கப்பென்டாவும் இப்படிப் பொடிமீன்தானே? முதல் வாயில் எனக்கு நம் பள்ளிக்கூடத்து மதிய உணவு நினைவுக்கு வந்துவிட்டது. அமெரிக்க மாவில் கிண்டிய அந்த மஞ்சள் உப்புமா!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "எங்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் மக்காச்சோளம் அங்கே விளைகிறது, யாரும் தின்பதாகத் தெரியவில்லையே" என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் தீவன மண்டியில் கணக்கு எழுதியவனிடம் கேட்டுவிட்டாய், இனி நிறுத்த மாட்டேன்.

2023-24இல் இங்கே விளைந்தது சுமார் 376 லட்சம் டன். தலைக்கு வகுத்தால் 26 கிலோ. ஜாம்பியாவில் 2023இல் 33 லட்சம் டன், இரண்டு கோடிப் பேருக்கு. தலைக்கு 165 கிலோ வருகிறது. அடுத்த வருஷ வறட்சியில் அது 15 லட்சமாகப் படுத்துவிட்டது, தலைக்கு 75 கிலோ. தட்டுக்கு மட்டுமே ஆளுக்கு நூறு கிலோவுக்கு மேல் வேண்டிய ஊரில் 75 என்றால் என்ன அர்த்தம் என்று கணக்கப்பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேசியப் பேரிடர் என்று அதிபர் அறிவித்ததும், கரீபா அணை வற்றிக் கரண்ட் போனதும், நீ மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதியதும் அந்த வருஷம்தானே.

இங்கே சோளம் கோழி வயிற்றுக்குள் போய்விடுகிறது. பெரம்பலூரில் ஏற்றும் லோடு நேராக நாமக்கல்லில் இறங்கும். முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்னும், அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். ஆக, ஒரு முட்டைக்குப் பின்னால் ஏறக்குறைய 60 கிராம். தினம் ஒரு முட்டை தின்னும் நானும் வருஷத்துக்கு 22 கிலோ சோளம் தின்கிறேன், கோழி வாய்வழியாக!

இப்போது கோழிக்குப் பங்காளியும் வந்துவிட்டான். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், அதில் ஒரு பெரிய பங்கு சோளத்திலிருந்து வருகிறது. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் சோளம் வேண்டும். வெளிநாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்த நாம் 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கினோம். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் விதைத்தவனுக்கு விலை கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும். 2018இல் சோளப் பயிரைத் தின்னும் படைப்புழு வந்தபோது, அது உங்கள் ஆப்பிரிக்காவில் இரண்டு வருஷம் தின்று பழகிவிட்டு வந்ததுதான், பெரம்பலூர்க்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் சோளத்தை எங்கள் சோளத்தோடு ஒப்பிடாதே, எங்கள் அரிசியோடு ஒப்பிடு. இங்கே சோளம் விலை ஏறினால் ஆம்லெட் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். 1990இல் மீலி மாவு, அதாவது உங்கள் மக்காச்சோள மாவு, விலை ஏறி லுசாகாவில் கலவரம் வெடித்தபோது நீ குழந்தைகளோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தாய். மறுவருஷம் அதிபர் கவுண்டா தேர்தலில் தோற்றார். 1967இல் நாம் அரிசிக்காகக் கியூவில் நின்றதும், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு தெருவெல்லாம் கேட்டதும், காங்கிரஸ் ஆட்சி போனதும் உனக்கு மறந்திருக்காது. உன் அப்பா அந்த வரிசையில் என்னையும் நிறுத்திவைத்துவிட்டு டீ குடிக்கப் போவாரே!

கோடையில் வருகிறாய் அல்லவா, வெள்ளை மாவு ஒரு கிலோ எடுத்துவா. அதையும் கிண்டிப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு சொல்வாளாம் கமலா. கார்ன்ஃபிளவர் பொட்டலம் முக்கால்வாசி மீதி இருக்கிறது.

அன்புடன்,
மணி