மத்தியான வெயிலில் மட்டும் ஸ்டார்ட் எடுக்காத கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து எங்கள் பக்கம் பழைய கார்களைத்தான் தட்டிக்கொட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்துவிட்டார்கள், ஆனால் வரியோடு வரும் விலைக்குக் கிட்டவும் போக முடியாது. அதனால் என் காரின் கதை இன்னும் நாலு பேரின் காசை மிச்சப்படுத்தும் என்று எழுதுகிறேன். இடமிருந்தால் போடுங்கள்.

என்னுடையது 1994இல் வந்த ஒரு ஜப்பான் கார், பெற்றோல் இன்ஜெக்‌ஷன். சூடான கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் ஒருநாள் கோணேசர் கோயிலுக்குப் போய், கோட்டைக்குள் வெயிலில் விட்டுவிட்டு மத்தியானம் திரும்பி வந்தால் ஸ்டார்ட் எடுக்கவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. நாலு கதவையும் திறந்துவிட்டு மர நிழலில் அரை மணித்தியாலம் இருந்தேன், அப்புறம் ஒரே திறப்பில் எடுத்தது. காலையிலும் இரவிலும் ஒருநாளும் இந்தக் கரைச்சல் வந்ததில்லை.

கராஜில் முதலில் பற்றறி மாற்றினார்கள், பிறகு பிளக், கடைசியில் பெற்றோல் பம்ப். நான் கொண்டுபோவது எப்போதும் வெயில் தாழ்ந்த பிறகு, அப்போது கார் ஒழுங்காக ஸ்டார்ட் எடுக்கும், சரியாகிவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள், அடுத்த வெயிலில் பழையபடி நிற்கும்.

கடைசியில் கண்டுபிடித்தது ரேடியோ திருத்தும் ஒரு அண்ணன். கார் மக்கர் பண்ணும் நேரத்திலேயே, கொதிக்கிற காருக்குள் உட்கார்ந்து திறப்பை ஓன் வரைக்கும் மட்டும் திருப்பச் சொன்னார். என்ஜின் விளக்கு எரிந்து அணைந்தது, ஆனால் பின் சீற்றுக்கு அடியில் இரண்டு செக்கன் கேட்க வேண்டிய பம்பின் ‘ம்ம்ம்’ சத்தம் இல்லை. பம்ப் வயரில் டெஸ்ட் லாம்ப் பிடித்தார், கரண்டே வரவில்லை. புதுப் பம்ப் என்ன செய்யும்? டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த, பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான மெயின் றிலேயைக் கழற்றி மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியால் காட்டினார், அதன் ஒரு கம்பிக்காலைச் சுற்றிப் பற்றவைத்த ஈயத்தில் மயிரிழை போல வட்டமாக ஒரு வெடிப்பு. கார் உள்ளே சூடேறினால் அது விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. ஈயத்தை உருக்கி மறுபடி வைத்தார். அதற்குப் பிறகு எந்த வெயிலிலும் நின்றதில்லை.

பம்ப் சத்தம் கேட்டும் பிடிக்காவிட்டால் அது வேறு கதை, பிளக்கில் நெருப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். செல்ஃபே இழுத்து இழுத்துச் சுற்றினால் பற்றறி, அதன் டேர்மினல், செல்ஃப் மோட்டர், பற்றறி 12.6 வோல்ட் காட்டினாலும் சுற்றும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு, 9.6க்குக் கீழே போனால் பற்றறி தளர்ந்துவிட்டது. காலையில் மட்டும் நீளமாகச் சுற்ற வேண்டியிருந்தால், திறப்பை இரண்டு மூன்று தரம் ஓன் செய்து பம்பை ஓடவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பிடித்தால் இரவில் பெற்றோல் பிரெஷர் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம், பம்பின் வால்வு, பிரெஷரைக் கட்டுப்படுத்தும் றெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. றெகுலேட்டரின் சின்ன வாக்குவம் குழாயைக் கழற்றினால் உள்ளே பெற்றோல் ஈரம் இருக்கக்கூடாது. அப்படியும் பிடிக்காவிட்டால் என்ஜின் தண்ணிச் சூட்டைப் பார்க்கும் சென்சரை அளக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து அக்சிலேட்டரை மிதித்து மிதித்து விடாதீர்கள், அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம்.

கராஜ் பாஸ்மாரிடம் ஒன்று கேட்கிறேன். கார் எந்த நேரத்தில் நிற்கிறதோ அந்த நேரத்தில் வந்து பாருங்கள், அல்லது கொண்டுவந்து வெயிலில் விடச் சொல்லுங்கள். சாமானை மாற்றமுன் ஒரு லாம்பைப் பிடித்துப் பாருங்கள். அந்தப் பார்வைக்குக் காசு கேளுங்கள், நாங்கள் தருவோம்.

இப்படிக்கு,
பழைய கார் வைத்திருக்கும் ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை